கடைசியா போறவன் லைட்டை அணைக்கணும்

டிஸ்கி: பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு. மத்தவங்களும் தாராளமா படிக்கலாம். சி++ தெரிஞ்சிருக்கணும்னு அவசியம் இல்லை, ஹாஸ்டல்ல இருந்த அனுபவம் இருந்தா போதும் :)

2021ல நடந்த கதை. வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்க டீம் மேய்ச்சுக்கிட்டிருந்தது ஒரு எஸ்எம்எஸ் அனுப்புற சர்வர். "அன்புள்ள இன்னார், உங்கள் தவணை இத்தனாம் தேதி" என்று வருமே, அந்த வகையறா. வாடிக்கையாளர் யார்னு கேக்காதீங்க. ஒரு நாள் காலையில புகார் வந்தது. ஒரு அம்மாவுக்குப் போன செய்தியில தொகை சரி, தேதி சரி, பேர் மட்டும் வேற யாரோடதோ. அடுத்த ரெண்டு நாள்ல அதே மாதிரி இன்னும் நாலு. கடன் விஷயத்துல ஒருத்தர் பேர் இன்னொருத்தர் போன்ல போய் நிக்கிறது விளையாட்டு இல்லை. மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாரும் எங்க மேஜைக்கு வந்து நின்னாங்க.

அந்த ஃபைலைக் கடைசியா தொட்டவன் யார்னு பாத்தா, அடியேன். சேர்த்தது ஒரே ஒரு வரி.

"என்னப்பா மாத்தின?" மேனேஜர்.

"பேரோட முதல் எழுத்து காலியிடமா இருக்கான்னு பாத்தேன் சார். படிச்சது மட்டும்தான், எதையும் எழுதல."

"படிச்சதுக்கா இப்படி ஆகும்?"

எனக்கும் அதே கேள்விதான். ரெண்டு நாள் தூக்கம் இல்லை. மூணாவது நாள் பக்கத்து டீம் சீனியர் ஒருத்தர், முன்னாடி டெல்ஃபியில குப்பை கொட்டினவர், டீ டம்ளரோட வந்து என் ஸ்கிரீனை எட்டிப் பாத்தார். கம்பைலர் வெர்ஷன் என்னன்னு கேட்டார். சொன்னேன். "தம்பி, இந்த ஸ்ட்ரிங் உன் ஒருத்தன் கையில இருக்குன்னு நினைச்சியா?" என்று சொல்லிட்டு மிச்ச டீயைக் குடிச்சார்.

அந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டுப் போனதுல எனக்குக் கிடைச்ச வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பழைய காலத்துல இருந்து ஆரம்பிக்கணும்.

எங்க ஹாஸ்டல் ஸ்டடி ஹால்ல ஒரு சட்டம் உண்டு. கடைசியா போறவன் லைட்டை அணைக்கணும். நாமதான் கடைசின்னு எப்படித் தெரியும்? ரெண்டு வழி. ஒண்ணு, வார்டன் ராத்திரி ஒரு ரவுண்டு வந்து, ஹால் ஹாலா எட்டிப் பாத்து, ஆள் இல்லாத இடத்துல அணைக்கிறது. இன்னொண்ணு, கதவுல ஒரு சிலேட்டு மாட்டி, உள்ள வர்றவன் ஒண்ணு கூட்டணும், வெளிய போறவன் ஒண்ணு கழிக்கணும்னு வைக்கிறது. எவன் கழிக்கும்போது பூஜ்யம் வருதோ அவன் அணைக்கணும்.

கம்ப்யூட்டர் மெமரிக்கு இந்த ரெண்டு வழியும் ஒரே வருஷத்துல, ஒரே பத்திரிகையில அச்சாச்சு. 1960 ஏப்ரல்ல ஏசிஎம் சங்கத்தோட கம்யூனிகேஷன்ஸ் இதழ்ல ஜான் மெக்கார்த்தி லிஸ்ப் மொழி பத்தின கட்டுரையில வார்டன் முறையைச் சொன்னார். நாம இப்ப கார்பேஜ் கலெக்‌ஷன்னு சொல்றது அதுதான். அதே வருஷம் டிசம்பர் இதழ்ல ஜார்ஜ் காலின்ஸ் என்பவர் சிலேட்டு முறையை எழுதினார். அவர் ஐபிஎம்ல பல்லுறுப்புக் கோவைகளைக் கம்ப்யூட்டரை வச்சுக் கணக்குப் போட்டுக்கிட்டிருந்தவர். நீளமான கோவைகள்ல நிறைய பகுதிகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு தடவையும் காப்பி எடுத்தா அந்தக் காலத்து மெமரி எந்த மூலைக்கு? ஒரே பகுதியைப் பல பேர் சுட்டட்டும், எத்தனை பேர் சுட்டுறாங்கன்னு ஒரு எண் அது கூடவே இருக்கட்டும் என்றார். அந்த எண்தான் ரெஃபரன்ஸ் கவுண்ட்.

வார்டன் வர்ற வரைக்கும் லைட் வீணா எரியும். வார்டன் சுத்துற நேரத்துல எல்லாரும் அப்படியே நிக்கணும். சிலேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை, பூஜ்யம் ஆன நொடியே அணைஞ்சிடும். ஆனா சிலேட்டுல ஒரு ஓட்டை இருக்கு. 1963ல ஹெரால்ட் மெக்பெத் அதே பத்திரிகைக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதி அதைக் காட்டினார். ஹால்ல ரெண்டு பேர் மட்டும் மிச்சம். "நீ போனா நான் போறேன்"னு ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்துட்டா எண் பூஜ்யத்துக்கு வரவே வராது. லைட் விடிய விடிய எரியும். இன்னைக்கு வரைக்கும் சிலேட்டு முறைக்கு எதிரா எல்லாரும் முதல்ல நீட்டுற விரல் இதுதான்.

ஆனா ஸ்ட்ரிங்குக்கு, தமிழ்ல சொன்னா சரத்துக்கு, இந்த வியாதி வரவே வராது. சரத்துக்குள்ள வெறும் எழுத்துதான் இருக்கு. அது இன்னொரு சரத்தைச் சுட்ட முடியாது. சுட்ட முடியாதுன்னா வட்டமும் கிடையாது. சிலேட்டு முறைக்குன்னே அளவெடுத்துத் தைச்ச மாதிரி பொருள் ஸ்ட்ரிங்தான். அப்படின்னா அது 1960கள்லயே எல்லா மொழியிலயும் வந்திருக்கணுமே?

வரல. சி மொழியை எடுத்துக்கங்க. அதோட கொள்ளுத்தாத்தா பிசிபிஎல்ல சரத்தோட முதல் இடத்துல நீளம் இருந்தது. அதுல இருந்து வந்த பி மொழியில அதை எடுத்துட்டு, கடைசியில ஒரு முடிவுக்குறி வச்சாங்க. நீளத்தை ஒரு சின்ன இடத்துல அடைச்சா சரம் எவ்வளவு பெருசா இருக்கலாம்னு ஒரு வரம்பு வந்துடும், தவிர நீளத்தைப் பாத்துப் பாத்து மாத்துறதை விட முடிவுக்குறி சௌகரியமா இருந்தது என்று டென்னிஸ் ரிச்சி பின்னாடி காரணம் சொல்லியிருக்கார். சி அதை அப்படியே வாங்கிக்கிச்சு. அங்க சரத்துக்குச் சொந்தக்காரன்னு யாரும் இல்லை. யார் காப்பி எடுக்கணும், யார் விடுவிக்கணும் எல்லாம் உன் பாடு.

பாஸ்கல் பக்கம் வேற கதை. 1983ல வந்த டர்போ பாஸ்கல்ல முதல் பைட்டுல நீளம். ஒரு பைட்டுல அதிகபட்சம் 255தான் அடங்கும், அதனால சரமும் 255 எழுத்துக்கு மேல போகாது. ஒரு வேரியபிளை இன்னொண்ணுக்குக் கொடுத்தா மொத்தத்தையும் காப்பி எடுக்கும். பாதுகாப்பு உண்டு, ஆனா குட்டிச் சட்டை.

1996ல டெல்ஃபி 2 வந்தது. விண்டோஸ் 32 பிட்டுக்கு மாறின சமயம். 255 எழுத்தை வச்சு இனி ஓட்ட முடியாதுன்னு போர்லாண்ட்காரங்க சரத்தையே புதுசா வடிவமைச்சாங்க. என்னைக் கேட்டா, ரெஃபரன்ஸ் கவுண்ட் வச்ச ஸ்ட்ரிங்ல இது வரைக்கும் வந்ததுல அழகான வேலை அதுதான். சீனியர் பேப்பர்ல வரைஞ்சு காட்டினார். வேரியபிள் என்பது 4 பைட் பாயிண்ட்டர், அது முதல் எழுத்தைச் சுட்டும். முதல் எழுத்துக்கு இடது பக்கம், வீட்டுக்கு முன்னாடி திண்ணை மாதிரி, 4 பைட்ல நீளம். அதுக்கும் இடது பக்கம் 4 பைட்ல ரெஃபரன்ஸ் கவுண்ட். வலது கோடியில சி மொழிக்காரனுக்காக ஒரு முடிவுக்குறி. அதனால எந்த மாத்தமும் பண்ணாம அப்படியே விண்டோஸ்கிட்ட நீட்டலாம். பாக்கிறவனுக்கு சி சரம், திண்ணையைத் தெரிஞ்சவனுக்கு டெல்ஃபி சரம். ஒண்ணுமே இல்லாத சரம்னா பாயிண்ட்டரே நில், அதுக்கு மெமரியே கிடையாது. புரோகிராம்ல நேரடியா எழுதி வச்ச மாறாத சரங்களுக்கு கவுண்ட் மைனஸ் 1. அதாவது "இது கோயில் விளக்கு, இதை எண்ணவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம்" என்று அர்த்தம்.

சரி, பல பேர் ஒரே சரத்தைப் பிடிச்சிருக்கும்போது ஒருத்தன் அதுல எழுதினா? இதுக்கும் ஹாஸ்டல்லயே பதில் இருக்கு. செமஸ்டர் நேரத்துல நல்லா நோட்ஸ் எடுக்கிற ஒருத்தனோட நோட்டைத்தான் மொத்த விங்கும் படிக்கும். சும்மா படிக்கிறவரைக்கும் ஒரே நோட்டு போதும். எவனாவது அதுல அடிக்கோடு போடணும், ஓரத்துல கிறுக்கணும்னு ஆசைப்பட்டா, முதல்ல செராக்ஸ் எடுத்துக்கிட்டு தன் காப்பியில கிறுக்கிக்கணும். இதுக்கு காப்பி-ஆன்-ரைட்னு பேர். இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்தா பசு மாடு வரும். அந்தப் பசு பால் கொடுத்ததும் உண்டு, முட்டினதும் உண்டு.

இங்க ஒரு நுணுக்கம். அந்த எண்ணை வச்சது எப்ப அணைக்கணும்னு தெரிஞ்சுக்க. ஆனா அதே எண் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லுது. கவுண்ட் 1னா, நோட்டு என் ஒருத்தன் கையிலதான் இருக்கு, செராக்ஸ் எடுக்காமலே கிறுக்கலாம்! வார்டன் முறையில இது தெரியவே தெரியாது, ரவுண்டு முடிஞ்சாதான் தெரியும். மாறாத சரங்களை வச்சிருக்கிற பைத்தான்கூட 2004ல வந்த 2.4 பதிப்புல இந்தத் தந்திரத்தைக் கையாண்டது. ஒரு சரத்தோட வால்ல இன்னொண்ணை ஒட்டும்போது, வேற யாரும் அதைப் பிடிக்கலைன்னா புதுசா எடுக்காம அதே இடத்துல நீட்டிடும்.

டெல்ஃபிக்கு வரேன். அங்க இந்தச் செராக்ஸ் வேலையை யார் பண்றா? கம்பைலர். சரத்தோட மூணாவது எழுத்தைப் படிக்கிற வரியா, மாத்துற வரியான்னு கம்பைலருக்குத் தெரியும். மாத்துற வரின்னா அதுக்கு முன்னாடி "இதைத் தனியா பிரிச்சுக் கொடு" என்கிற ஒரு அழைப்பைத் தானே சொருகிடும். படிக்கிற வரின்னா ஒண்ணும் பண்ணாது. வேரியபிள் காலம் முடியும்போது கவுண்ட்டைக் கழிக்கிறதையும், நடுவுல எக்ஸப்ஷன் வந்தாலும் கழிக்கிற மாதிரி கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலியைக் கட்டுறதையும் அதுவே பாத்துக்கும்.

அதே 1996ல சி++ உலகத்துல ஸ்காட் மேயர்ஸோட "மோர் எஃபெக்டிவ் சி++" புத்தகம் வந்தது. 29வது ஐட்டம் முழுக்க ரெஃபரன்ஸ் கவுண்ட்தான், அவர் எடுத்துக்கிட்ட உதாரணமும் ஸ்ட்ரிங்தான். அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே ஜிம் கோப்ளியன் தன் புத்தகத்துல கவுண்ட் வச்ச ஸ்ட்ரிங்கை எழுதிக் காட்டியிருந்தார். சி++ல ஒரு கெத்து உண்டு. மொழியைத் தொடாமலே, லைப்ரரியாவே ஒரு ஸ்ட்ரிங்கை எழுதிடலாம், அது மொழியோட சொந்த வகை மாதிரியே நடந்துக்கும்னு. கிட்டத்தட்ட உண்மைதான். அந்த கிட்டத்தட்டலதான் நான் மாட்டினேன்.

சி++ல சரத்தோட மூணாவது எழுத்து வேணும்னா சதுர அடைப்புக்குறி போட்டுக் கேப்போம். அது லைப்ரரியில ஒரு ஃபங்ஷன். அது எழுத்தைத் தராது, எழுத்து இருக்கிற இடத்தோட விலாசத்தைத் தரும். வாங்கிட்டுப் போனவன் படிக்கப் போறானா, எழுதப் போறானான்னு ஃபங்ஷனுக்குத் தெரியாது. நோட்டை ஜன்னல் வழியா நீட்டியாச்சு, கையில பேனா இருக்கான்னு பாக்க வழி இல்லை. மேயர்ஸ் இதை மறைக்கல. இப்படி நீட்டும்போதே எதுக்கும் இருக்கட்டும்னு செராக்ஸ் எடுத்துடு, அந்தச் சரத்தை இனி யார்கூடவும் பகிராதேன்னு குறிச்சு வச்சுக்கோ என்றார். ஜிசிசி கூட வந்த சி++ லைப்ரரி அதைத்தான் செஞ்சது. அங்கயும் டெல்ஃபி மாதிரியே பாயிண்ட்டர் முதல் எழுத்தைச் சுட்டும், இடது பக்கத் திண்ணையில நீளமும் கவுண்ட்டும். ஆனா மைனஸ் 1க்கு இங்க வேற அர்த்தம்: "விலாசம் வெளிய கசிஞ்சிடுச்சு, இனி பகிராதே".

1998ல வந்த சி++ தரநிலை இதுக்குன்னே ஒரு சலுகை கொடுத்தது. மாறக்கூடிய சரத்துல முதல் தடவை சதுர அடைப்புக்குறி போட்டா, அதுக்கு முன்னாடி நீ வாங்கி வச்சிருந்த விலாசம் எல்லாம் செல்லாமப் போகலாம்னு. நாலு வரிச் சலுகை. அதைப் படிச்சவங்க எத்தனை பேர்? நான் படிக்கல.

இதுக்கு நடுவுல த்ரெட் பிரச்சினை வேற. சிலேட்டுல ஒண்ணு கூட்டுறதுன்னா படிக்கணும், கூட்டணும், திரும்ப எழுதணும். மூணு படி. ரெண்டு பேர் ஒரே நேரத்துல 5ஐப் படிச்சு, ரெண்டு பேருமே 6னு எழுதிட்டா ஒரு ஆள் கணக்குல இல்லை. அப்புறம் ஆள் உள்ள இருக்கும்போதே லைட் அணைஞ்சிடும். ஒரே பிராசஸர் இருக்கிற மெஷின்ல இது எப்பவாவது நடக்கும், ரெண்டு பிராசஸர்னா அடிக்கடி நடக்கும். மைக்ரோசாஃப்டோட விசுவல் சி++ 6ல, அது 1998, ஸ்ட்ரிங் இப்படிப் பகிர்ந்துதான் இருந்தது, பல பிராசஸர் மெஷின்கள்ல அடி வாங்கினது. 2002ல வந்த அடுத்த பதிப்புல பகிர்றதையே விட்டுட்டாங்க. மத்தவங்க பூட்டுப் போட்டுக் கூட்டுற இன்ஸ்ட்ரக்‌ஷனுக்குப் போனாங்க. டெல்ஃபியும் பிந்தைய பதிப்புகள்ல அதைத்தான் செஞ்சது. சரியா வேலை செய்யும், ஆனா சும்மா படிக்கிறதுக்குக் காப்பி எடுத்தாக்கூட எல்லாரும் ஒரே சிலேட்டு முன்னாடி வரிசையில நிக்கணும். ஹெர்ப் சட்டர் அளந்து பாத்து, த்ரெட் இருக்கிற உலகத்துல இந்தச் சிக்கனம் பல நேரம் சிக்கனமே இல்லைன்னு எழுதினார். செராக்ஸ் காசை மிச்சம் பிடிக்கப் போய் ஆட்டோவுக்குக் கொடுத்த கதை.

2008ல தரநிலைக் குழு முன்னாடி வந்த ஒரு முன்மொழிவு அந்தச் சலுகையையே எடுக்கச் சொன்னது. 2011 தரநிலையில எடுத்தாங்க. சும்மா ஒரு எழுத்தைக் கேட்டதுக்காகப் பழைய விலாசங்கள் செத்துப் போகக்கூடாது. அதோட காப்பி-ஆன்-ரைட்டுக்கு சி++ல கதவு சாத்தியாச்சு.

சாத்தினா சாத்தினதா? ஜிசிசிக்காரங்களால உடனே மாத்த முடியல. ஸ்ட்ரிங்கோட உருவம் மாறினா, ஏற்கனவே கம்பைல் பண்ணி வச்ச அத்தனை லைப்ரரியும் புதுசோட பேசாது. நாலு வருஷம் இழுத்து, 2015 ஏப்ரல்ல ஜிசிசி 5ல ரெண்டு ஸ்ட்ரிங்கையும் பக்கத்துல பக்கத்துல குடி வச்சாங்க. பழசுக்குப் பழைய பேர், புதுசுக்கு உள்ளுக்குள்ள வேற பேர். லிங்க் பண்ணும்போது நடுவுல சிஎக்ஸ்எக்ஸ்11னு ஒரு வார்த்தை வந்து கழுத்தறுக்குமே, அது இந்தப் பாகப்பிரிவினையோட எச்சம்தான். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7 வந்தது 2014ல, ஜிசிசி 4.8 கூட. அதுல பழைய ஸ்ட்ரிங். புது கம்பைலரைத் தனியா நிறுவினாலும் அந்த லினக்ஸ்ல பழைய உருவமேதான், மத்த லைப்ரரியோட ஒத்துப் போகணுமே. அதுக்கான பராமரிப்பு முடிஞ்சது 2024 ஜூன்ல. அதாவது தரநிலை தடை பண்ணி 13 வருஷம் வரைக்கும் அந்தப் பசு சர்வர் அறைகள்ல அசை போட்டுக்கிட்டுதான் இருந்தது.

எங்க சர்வர் எதுன்னு கண்டுபிடிச்சிருப்பீங்க.

கம்பைல் பண்ணும்போது சி++11னு கொடி காட்டித்தான் பண்ணினோம். காப்பி-ஆன்-ரைட் ஒழிஞ்சு போச்சுன்னு நான் படிச்ச புத்தகமும் சொல்லிச்சு. மொழி புதுசு, லைப்ரரி பழசு. நடந்தது இதுதான். பேர் ஒரு ஸ்ட்ரிங்ல இருக்கு. எஸ்எம்எஸ் அனுப்புறது ஒரு பழைய சி லைப்ரரி, அதுக்காக அந்த ஸ்ட்ரிங்கோட உள் விலாசத்தை முன்னாடியே வாங்கி ஒரு ஸ்ட்ரக்சர்ல போட்டு வச்சிருந்தாங்க. அடுத்து, லாக் எழுதுற த்ரெட்டுக்கு அதே பேரை ஒரு காப்பி அனுப்புவாங்க. உண்மையில காப்பி இல்லை, நோட்டு ஒண்ணுதான், கவுண்ட்தான் ஏறுது. என் வரி வர்ற வரைக்கும் எல்லாம் சுகம். பேர் என்கிற வேரியபிள் நோட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிற வரைக்கும் விலாசம் செல்லும்.

நான் போய் முதல் எழுத்தைக் கேட்டேன். சதுர அடைப்புக்குறி. லைப்ரரி பயந்து போய் செராக்ஸ் எடுத்தது. இங்கதான் விஷயமே. செராக்ஸ் கிடைச்சது எனக்கு, ஒரிஜினல் போனது லாக் த்ரெட்டுக்கு! ஸ்ட்ரக்சர்ல இருந்த விலாசமோ ஒரிஜினலோடது. லாக் த்ரெட் எழுதி முடிச்சதும் கவுண்ட் பூஜ்யம், லைட் அணைஞ்சது, இடம் காலி. அந்த இடத்துல அடுத்த வாடிக்கையாளர் பேர் குடி வந்துடுச்சு. அப்புறமா அந்த சி லைப்ரரி பழைய விலாசத்துக்குப் போய்க் கதவைத் தட்டி, யார் இருக்காங்களோ அவங்க பேரைப் போட்டு அனுப்பிச்சு. லாக் த்ரெட் முந்தினா தப்பு, பிந்தினா சரி. அதான் லோடு அதிகமா இருக்கும்போது மட்டும், லட்சத்துல ஒண்ணு ரெண்டு.

திருத்தம் என்னன்னா, நான் வாங்கின சரத்துக்கு முன்னாடி கான்ஸ்ட்னு ஒரு வார்த்தை. மாத்த மாட்டேன்னு முன்கூட்டியே சத்தியம் பண்ணிட்டா வேற அடைப்புக்குறி ஃபங்ஷன் கூப்பிடப்படும், அது செராக்ஸ் எடுக்காது. விலாசத்தை அப்படி ஸ்ட்ரக்சர்ல போட்டு வச்சதே தப்புன்னு இன்னொரு பெரிய திருத்தமும் பின்னாடி போச்சு. ஆனா அன்னைக்கு ராத்திரி புகாரை நிறுத்தினது அந்த ஒரு வார்த்தைதான்.

"டெல்ஃபியில இது நடக்காது தம்பி"ன்னு சீனியர் சொன்னப்ப, பழைய ஆளுங்க பழைய சைக்கிளைப் புகழுற மாதிரிதான் எடுத்துக்கிட்டேன். யோசிச்சா அவர் சொன்னது நிஜம். பாயிண்ட்டரா மாத்திக் கையில எடுத்துக்கிட்டா அங்கயும் வம்பு உண்டு, ஆனா வெறும் படிக்கிற வரி அங்க ஒண்ணையும் கெடுக்காது. கம்பைலருக்குப் படிக்கிறது எது, எழுதுறது எதுன்னு தெரியும். பகிர்ந்துக்கிற சரத்துல தப்பு கவுண்ட்ல இல்லை, ஜன்னல்ல இருந்தது. 2014ல வந்த ஸ்விஃப்ட் மொழியைப் பாருங்க. அங்கயும் ஸ்ட்ரிங் ரெஃபரன்ஸ் கவுண்ட்தான், காப்பி-ஆன்-ரைட்தான், யாரும் பெருசா அலறல. உள் விலாசத்தைக் கேட்டா ஒரு சின்னத் தொகுதிக்குள்ள மட்டும் கொடுத்து, வெளிய வந்ததும் செல்லாதுன்னு சொல்லிடும். மாத்துறதுன்னா மாத்துறேன்னு மொழிக்கே தெரியும்.

சி++ பகிர்றதை விட்டுட்டு எங்க போச்சு? சின்னச் சரமா இருந்தா வேரியபிளுக்குள்ளயே அடைச்சுக்கிறது, மெமரியே கேக்காம. ஜிசிசியோட புது ஸ்ட்ரிங்ல 15 பைட் வரைக்கும் உள்ள வைக்கலாம். ஸ்விஃப்ட்லயும் 2019ல வந்த 5ல இருந்து அதே 15தான். நம்ம எழுத்து யுடிஎஃப்-8ல ஒவ்வொரு குறியீடும் 3 பைட். அப்ப 5 குறியீடு. உக்காந்து எண்ணினேன். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. "தமிழ்" சரியா 15 பைட், இஞ்ச் பிசகாம உள்ள உக்காருது! "தமிழ்நாடு" 27, வெளியதான். மதுரையும் சேலமும் உள்ள, சென்னை 18 பைட், இடம் இல்லை. மதுரைக்காரனா எனக்கு இதுல ஒரு அல்ப சந்தோஷம் ;-)

அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் வீட்டுல வார இறுதியில ஒரு குட்டி மொழி எழுதிப் பாத்துக்கிட்டிருக்கேன். யாருக்கும் பயன்படாது, ஆசைக்கு. ஸ்ட்ரிங்குக்கு சிலேட்டு முறைதான் வச்சிருக்கேன். எழுத்தைக் கேட்டா எழுத்துதான் கிடைக்கும், விலாசம் கிடைக்காது. மாத்துறதுக்குத் தனி இன்ஸ்ட்ரக்‌ஷன், கம்பைலர்தான் அதைப் போடும். மைனஸ் 1 கோயில் விளக்கை டெல்ஃபியில இருந்து கூச்சமே இல்லாம சுட்டுட்டேன். த்ரெட்டைத் தாண்டிப் போற சரத்தை மட்டும் முழுசா காப்பி எடுத்துடுறேன், பூட்டு வேண்டாம். இது சரியான முடிவான்னு எனக்கே சந்தேகம். பைத்தான் சாதாரண கவுண்ட்டை வச்சுக்கிட்டு, அதைக் காப்பாத்தவே ஒரு பெரிய பூட்டை வருஷக்கணக்கா சுமந்தது. 2024ல 3.13லதான் அந்தப் பூட்டு இல்லாத ஒரு பதிப்பைச் சோதனையா விட்டாங்க. அதுல சொந்தக்கார த்ரெட்டுக்கு ஒரு கவுண்ட், மத்தவங்களுக்கு ஒரு கவுண்ட்னு ரெண்டு சிலேட்டு. அதையும் ஒரு நாள் முயற்சி பண்ணணும், ஆணி குறையட்டும்.

எங்க சர்வர் புது லினக்ஸுக்கு மாறிடுச்சு. பசு போயாச்சு. போன மாசம் புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு கோடு ரிவ்யூல கேட்டுது, "அண்ணா, இங்க ஒரு கான்ஸ்ட் இருக்கு, மேல 'தயவுசெய்து எடுக்காதீங்க'ன்னு கமெண்ட் வேற இருக்கு. இது எதுக்கு?" இப்ப எடுத்தா ஒண்ணும் ஆகாது. எனக்கும் தெரியும். "இருக்கட்டும்மா"ன்னு சொல்லிட்டேன்.